பல் போனால் சொல் போச்சு, நினைவும் போகுமா?

#1 தூக்கணாங்குருவி

வணக்கம். ரெண்டு வருஷமாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் இழை திறக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 76. போன வருஷம் இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மேலே ஏற்கெனவே சில இல்லை. கழற்றி மாட்டுகிற பல்செட் செய்து கொடுத்தார்கள். அது டப்பாவில் தண்ணீரில் ஊறிக்கொண்டே கிடக்கிறது. கேட்டால் "உறுத்துது" என்பார், அதற்கு மேல் பேச்சில்லை. சண்டை எதற்கு என்று அம்மா எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டித்தான் தட்டில் வைக்கிறார்.

போன ஞாயிறு அவருக்கு எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே கவனித்தேன். ஓர் ஆப்பிள் துண்டை வாயில் போட்டு வலது கன்னத்துக்குத் தள்ளினார். தாடை நாலைந்து தடவை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நான் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்த நேரம் பார்த்துக் கைக்குட்டையில் துப்பி, நாலாக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்துப் பார்த்தேன். துண்டு நசுங்கக்கூட இல்லை.

கூடவே மறதி. ஆறேழு மாதமாகக் கேட்ட கேள்வியையே அரைமணிக்குள் மறுபடி கேட்கிறார். வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுதியவர், இப்போது அந்த நோட்டைத் திறப்பதே இல்லை.

குடும்ப வாட்ஸப் குழுவில் "மெல்லாதவர்களுக்கு மூளை சுருங்கும்" என்று ஒரு ஃபார்வேர்டு வந்தது. அதைப் படித்ததிலிருந்து, மிக்ஸியில் அடித்து அடித்துக் கொடுத்துத் தான்தான் அவரைக் கெடுத்துவிட்டோமோ என்று அம்மா அழுகிறார். இதில் எவ்வளவு உண்மை?

#2 ரிட்டயர்டு ராசா

அம்மாடி, இதுக்கெல்லாம் ஆராய்ச்சி எதுக்கு? நொறுங்கத் தின்றால் நூறு வயதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஒரு வாய்க்கு 32 தடவை மெல்லணும், பல்லுக்கு ஒரு தடவை. எனக்கு 74 ஆகுது. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவன் அத்தனை பேரோட இனிஷியலும் இப்பவும் சொல்வேன். மிக்ஸியைத் தூக்கி மூட்டை கட்டச் சொல்லுங்க, எல்லாம் சரியாகிடும்.

#3 பல்லவன்

ராசா ஐயா, அந்த 32-ல் நாலு ஞானப்பல். அது எனக்கே இல்லை. அப்போ நான் 28 தடவை மென்றால் போதுமா?

(புதியவர்களுக்கு: என் பெயருக்கும் அரச வம்சத்துக்கும் சம்பந்தமில்லை. பல் மருத்துவன், அவ்வளவுதான்.)

தூக்கணாங்குருவி, தொடர்பு இருக்கிறதா என்றால் இருக்கிறது. காரணமா என்பது வேறு கேள்வி, அதற்கு நம் கணக்கர் வருவார். அதற்குள் வாய்க்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்ப்படலம் இருக்கிறது, அதில்தான் தொங்குகிறது. அந்தப் படலம் முழுக்க அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். சாப்பிடும்போது ஒரு தலைமுடி பல்லிடுக்கில் வந்தால் உடனே தெரிகிறதே, அது இவற்றின் வேலை. செய்தி முகத்துக்கும் பல்லுக்குமான ட்ரைஜெமினல் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கும் அங்கிருந்து மேலேயும் போகிறது. எவ்வளவு கடினம், எந்தப் பக்கம் தள்ளணும், இப்போது விழுங்கலாமா என்று ஒவ்வொரு கடிக்கும் ஒரு கேள்வி பதில் நடக்கிறது. மெல்லும்போது மூளையின் சில பகுதிகளுக்கு ரத்த ஓட்டம் கூடுவதும் ஸ்கேனில் தெரிந்த விஷயம்தான்.

பல்லை எடுத்தால் படலமும் போகும், உணர்வும் போகும். பல்செட் ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிற பொருள். முழு பல்செட்டில் கடிக்கும் விசை சொந்தப் பல்லில் இருந்ததில் கால்வாசி தேறினாலே பெரிது.

எலிகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். கடைவாய்ப் பற்களை வெட்டிவிட்டோ, வாழ்நாள் முழுக்க மாவு மாதிரி தீனி போட்டோ வளர்த்தால், கலங்கிய தண்ணீருக்கடியில் இருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கும் சோதனையில் அவை தடுமாறுகின்றன. நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களும் குறைகின்றன. ஃபார்வேர்டில் வருகிற "மூளை சுருங்கும்" பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் அப்பா எலி இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

#4 கணக்குப்பிள்ளை

கூப்பிட்டதால் வந்தேன்.

மனிதர்களில் பார்த்த ஆய்வுகள் நிறைய. எனக்குப் பிடித்தது 2012-ல் ஸ்வீடனில் வந்தது. 77 வயதும் அதற்கு மேலும் ஆன 557 பேர். ஆப்பிள் மாதிரி கடினமானதை மெல்லச் சிரமப்படுபவர்களிடம் அறிதிறன் குறைபாடு, அதாவது நினைவும் யோசனையும் மங்குவது, அதிகம் இருந்தது. வயது, பாலினம், படிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. மெல்வது சொந்தப் பல்லாலா, கட்டிய பல்லாலா என்பது பெரிதாக வேறுபடவில்லை. எத்தனை பல் இருக்கிறது என்பதைவிட, இருப்பதை வைத்து மெல்ல முடிகிறதா என்பதுதான் அங்கே பேசியது.

2021-ல் 14 ஆய்வுகளை, மொத்தம் 34,074 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பல் இழந்தவர்களிடம் அறிதிறன் குறைபாட்டுக்கான வாய்ப்பு 1.48 மடங்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு 1.28 மடங்கு. பல்செட் வைத்திருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு மங்கிவிட்டது.

இதைப் படித்ததும் பல்செட்தான் மருந்து என்று ஓட வேண்டாம். பல்செட் கட்டிக்கொள்பவர் யார்? காசு இருப்பவர், கூட்டிப்போக ஆள் இருப்பவர், படித்தவர், வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மனநிலை இருப்பவர். இவர்களுக்கு ஏற்கெனவே டிமென்ஷியா வாய்ப்பு குறைவு. சின்ன வயது வறுமை பல்லையும் கெடுக்கும், படிப்பையும் கெடுக்கும். புகை, சர்க்கரை நோய் இரண்டும் அப்படியே, ஈறையும் தொடும், மூளையின் ரத்தக்குழாயையும் தொடும்.

அதைவிடச் சிக்கலான ஒன்று, திசை. டிமென்ஷியா வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே உள்ளே ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் மனிதர் பல் துலக்க மறப்பார், மருத்துவரிடம் போகமாட்டார், வலியைச் சொல்லத் தெரியாது. பல் போகும். பத்து வருஷம் கழித்து நாம் வந்து "பல் போனதால் நினைவு போச்சு" என்று எழுதுவோம். வண்டி எது, மாடு எது என்றே தெரியாமல்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, டிமென்ஷியாவுக்கு மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை இருக்கிறது, பார்வைக் குறைவு இருக்கிறது. பல் இல்லை. அவர்கள் மறந்துவிடவில்லை, சான்று இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஆக, மிக்ஸி ஓட்டியதால் மறதி வந்தது என்று சொல்ல எந்த ஆய்விலும் இடமில்லை. அம்மா அழ வேண்டியதில்லை.

#5 ரிட்டயர்டு ராசா

கணக்குப்பிள்ளை தம்பி எப்பவும் இப்படித்தான். இருக்குன்னும் சொல்லமாட்டார், இல்லைன்னும் சொல்லமாட்டார். அனுபவம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

#6 கணக்குப்பிள்ளை

இருக்கிறது ஐயா. ஆனால் நூறு வயது வரை நொறுங்கத் தின்றவர்தான் வந்து அனுபவம் சொல்கிறார். நொறுங்கத் தின்றும் அறுபதில் போனவர் வந்து சொல்வதில்லையே.

#7 இரவு டூட்டி

முதியோர் பராமரிப்புல 19 வருஷமா நர்ஸ். எலி, புள்ளிவிவரம் எல்லாம் நீங்க பாருங்க. நான் குருவிகிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?

ஏன் கேக்கறேன்னா, வயசானவங்க "உறுத்துது, மெல்ல முடியல"ன்னு சொன்னா நான் முதல்ல ஒரு டார்ச் எடுத்து நாக்கைப் பார்ப்பேன். பளபளன்னு ஈரமா இருக்கணும். காய்ஞ்சு, வெடிச்சு, கன்னத்துல ஒட்டற மாதிரி இருந்தா பிரச்சினை பல்லுல இல்ல, எச்சில்ல. எச்சில் இல்லாம எவ்வளவு நல்ல பல்செட்டும் நிக்காது, ஈறை உரசிப் புண்ணாக்கும். மென்னதை உருட்டி விழுங்கவும் முடியாது.

எச்சிலை வத்த வைக்கிற மாத்திரைகள்ல ஒரு கூட்டம் ஞாபகத்தையும் மங்க வைக்கும். அவசரமா சிறுநீர் வர்றதுக்குக் கொடுக்கற ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கற அமிட்ரிப்டிலின், சளி அலர்ஜிக்குக் கடையில சும்மா வாங்கற குளோர்ஃபெனிரமின். எல்லாம் ஒரே குடும்பம், நரம்புச் செய்தியைக் கடத்தற அசிட்டைல்கோலினைத் தடுக்கறது. வயசானவங்களுக்கு முடிஞ்ச வரை தவிர்க்கச் சொல்ற பட்டியல்லயே இருக்கு. மெல்ல முடியாததும் மறதியும் ஒண்ணா வந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணமா இருக்கணும்னு இல்லை. ரெண்டுக்கும் பின்னாடி ஒரே மாத்திரை நிக்கலாம்.

நீங்களா நிறுத்திடாதீங்க. சீட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு அவரோட டாக்டர்கிட்ட போங்க.

#8 தூக்கணாங்குருவி

அக்கா, இப்போதான் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. நாலாவது நீங்கள் சொன்ன அதே ஆக்ஸிபியூட்டினின். ஒன்பது மாதமாகச் சாப்பிடுகிறார். இது போக, தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய அலர்ஜி மாத்திரை அட்டையில் இருந்து தானாகவே ஒன்று போட்டுக்கொள்வாராம். அம்மாவுக்கே இன்றுதான் தெரியும்.

ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறார் என்றும் அம்மா சொல்கிறார். சர்க்கரை என்று நினைத்திருந்தோம்.

#9 பல்லவன்

இரவு டூட்டி அக்கா கேட்டதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

பல்செட் பற்றி: பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும், முதல் ஒரு வருஷத்தில் வேகமாக. எடுத்த கையோடு செய்த செட் ஒரு வருஷத்தில் தொளதொளவென்று ஆகிவிடும், அது அப்பாவின் பிடிவாதம் இல்லை. உள்பக்கம் புதிதாக ஒரு அடுக்கு வைத்து ஈறுக்குப் பொருத்தலாம், ரீலைனிங் என்போம். உறுத்துகிற இடத்தை ராவிவிடலாம். மூன்று நாலு தடவை போய்வர வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் ஒரே தடவையில் வெறுத்துப்போய் டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். பார்க்கப் போகிற அன்று காலையில் அதை இரண்டு மணி நேரமாவது போட்டிருக்கச் சொல்லுங்கள். ஈறு சிவந்த இடம் எனக்கு வழி காட்டும். கழுவித் துடைத்த வாயில் நான் எதைக் கண்டுபிடிப்பேன்?

இதை இப்போதே செய்யுங்கள். புது பல்செட்டுக்கு நாக்கும் கன்னமும் மறுபடி பழக வேண்டும், அதுவும் கற்றல்தான். மறதி முற்றிய பிறகு நல்ல செட்டும் வேற்றுப்பொருள் மாதிரி வெளியே வந்துவிடும்.

எல்லாப் பல்லையும் கட்டிக் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. 2023-ல் ஜப்பானில் இருந்து வந்த ஆய்வில், 172 பேரின் ஹிப்போகாம்பஸை நாலு வருஷ இடைவெளியில் ஸ்கேன் செய்தார்கள். ஈறு நோய் லேசாக இருந்தவர்களில் பல் குறைந்தவருக்கு அது வேகமாகச் சுருங்கியது. ஈறு நோய் முற்றியவர்களிலோ தலைகீழ், பல் அதிகம் இருந்தவருக்குத்தான் வேகமாகச் சுருங்கியது. நோய் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதும் சும்மா இல்லை. தொழிலில் எனக்கு இது கொஞ்சம் குட்டு வைத்த ஆய்வு.

அதே ஜப்பானில் 1989-ல் "80 வயதில் 20 பல்" என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அப்போது பத்தில் ஒருவருக்குக்கூட அது இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. பல் உதிர்வது வயதின் விதி இல்லை.

#10 நுண்ணோக்கி

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். காரணம் கிருமி. ஈறில் இருக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் அல்சைமர் மூளையிலேயே கிடைத்தாயிற்று, 2019 செய்தி. மெல்வதில் என்ன இருக்கிறது?

#11 கணக்குப்பிள்ளை

கிடைத்தது அந்தக் கிருமியின் நொதியும் டிஎன்ஏ தடயமும். அந்த நொதியை அடக்கும் மருந்தை 600-க்கும் மேற்பட்ட அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. நினைவுச் சரிவு நிற்கவில்லை, முக்கிய இலக்குகளில் சோதனை தோற்றது. கல்லீரல் பிரச்சினை வேறு. செய்தி 2019-லேயே நின்றுவிடுகிறது, ஆராய்ச்சி நிற்பதில்லை.

#12 நிலாச்சோறு

சூயிங்கம் மென்றால் நல்லதா? என் பாட்டிக்கு வாங்கலாம் என்று.

#13 இரவு டூட்டி

பல்செட்டுல ஒட்டும், தொண்டையில போகும். பாட்டிக்கு விழுங்கற பிரச்சினை ஏதாவது இருந்தா வேண்டவே வேண்டாம்.

#14 கணக்குப்பிள்ளை

நினைவுக்கும் சூயிங்கத்துக்கும் ஒரு ஆய்வு ஆமாம் என்றால் அடுத்தது இல்லை என்கிறது. பல்லவனிடம் மெல்லும் திறனை அளக்க நிறம் மாறும் சூயிங்கம் இருக்குமே, அந்த வேலைக்கு அது நல்லது.

#15 கதவோரம்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மாமியாரின் கதை.

இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் பல்செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டின் ஓரம் வைப்பது அவர் வழக்கம். மூன்றாம் நாள் தட்டோடு போய்விட்டது. குப்பைத்தொட்டியைக் கிளறக்கூடப் போனேன். புதிதாகச் செய்ய ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வெறும் கூழ். பேச்சு குழறியதால் பேசுவதை நிறுத்தினார். பார்க்க வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவங்களுக்கு டிமென்ஷியா ஆரம்பம் போல" என்று ஒரு டாக்டர் எழுதியே விட்டார். செட் வந்த அன்று சாயங்காலம் கண்ணாடி கேட்டார். அடுத்த நாள் என்னைத் திட்டினார்.

அவருக்கு டிமென்ஷியா இல்லை. பல் இல்லை, அவ்வளவுதான்.

#16 இரவு டூட்டி

எத்தனை பேருக்கு நடந்திருக்கு தெரியுமா இது. செட்டுலயே பேர் பொறிக்கச் சொல்லலாம், லேப்ல செய்வாங்க. டிஷ்யூல சுத்தவே கூடாது, மூடி போட்ட டப்பாதான்.

இன்னொண்ணு. ராத்திரி கழட்டணும். ஜப்பான்ல 85 வயசுக்கு மேல 524 பேரைப் பார்த்ததுல, செட்டோட தூங்கறவங்களுக்கு நிமோனியா ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

குருவி, அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க. மிக்ஸியை ஒரே நாள்ல மூட்டை கட்டிடாதீங்க. ராசா ஐயா கோவிச்சுக்கக்கூடாது. சாப்பிடும்போது இருமல் வருதா, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமா கரகரன்னு இருக்கா, கன்னத்துல சாப்பாடு தங்குதா, பாருங்க. வந்தா ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்கறதைச் சோதிக்கணும். அதெல்லாம் இல்லைன்னா படிப்படியா போங்க. அரைச்சதுல இருந்து மசிச்சது, மசிச்சதுல இருந்து குழைய வெந்த சின்னத் துண்டு. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து அடிக்காம தனித்தனியா வைங்க. எல்லாம் ஒரே நிறத்துல இருந்தா யாருக்குப் பசிக்கும்?

#17 தூக்கணாங்குருவி

எல்லாருக்கும் நன்றி. பத்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

டாக்டர் ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தி வேறு வகை மாற்றினார். அலர்ஜி மாத்திரை அட்டை இப்போது என் கைப்பையில். மூன்று வாரத்தில் நாக்கு ஈரமானது. பல்செட்டை ரீலைன் செய்தார்கள், நாலு தடவை போனோம். மூன்றாவது தடவை அப்பா காரிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றார். விழுங்குவதில் குறை இல்லை.

நினைவு: சோதித்துவிட்டு லேசான அறிதிறன் குறைபாடு என்றார்கள், டிமென்ஷியா என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரை மாற்றிய பிறகு பகலில் தூங்கி வழிவது குறைந்திருக்கிறது. கேள்வியை மறுபடி கேட்பது குறையவில்லை. எது எதனால் என்று கணக்குப்பிள்ளை சார் கேட்பார், ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றியதால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நேற்று ஆப்பிள் வைத்தேன், மெல்லிசாகச் சீவி. மூன்று துண்டு சாப்பிட்டார், அதில் ஒன்றை மெல்ல முழுதாக ஒரு நிமிஷம். கைக்குட்டையை எடுத்தபோது பக் என்றது. வாயைத் துடைத்துக்கொண்டார். அம்மா உள்ளே போய்விட்டார்.

கணக்கு நோட்டு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

#18 கணக்குப்பிள்ளை

கேட்கமாட்டேன்.

காதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

#19 ரிட்டயர்டு ராசா

அம்மாடி, சந்தோஷம்.

பல்லவன் தம்பி, ஒண்ணு கேக்கணும். இங்கேயே கேட்டுடறேன். அந்த ஆப்பிள் துண்டைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் என்னையே கவனிச்சேன். இடது பக்கம் நான் மென்னு மூணு வருஷமாச்சு. சில்லுன்னு பட்டா கண்ணுல தண்ணி வரும். 32 தடவைங்கறது வலது பக்கம் மட்டும்தான். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல.

இப்போ வந்தா காப்பாத்த முடியுமா, இல்ல எடுத்துடுவீங்களா?

#20 பல்லவன்

படம் எடுத்துப் பார்க்காமல் சொல்லமாட்டேன் ஐயா. தனிமடல் அனுப்பியிருக்கிறேன். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.